கடைசிப் பாகம்

ஒரு கதையைத் தொடங்குவது எளிது; முடிப்பது அரிது. எழுத்தாளர்கள் இதைத் தம் உழைப்பால் அறிகின்றனர். வாசகர்கள் தம் மனவாட்டத்தால் அறிகின்றனர். ஒரே நூலாக அமைந்த கதை நன்றாக முடியாவிட்டால் நமக்கு நேரும் இழப்பு இரண்டு மூன்று மாலைப்பொழுதுகள்தாம். மூன்று நூல்களாகவோ ஐந்து பாகங்களாகவோ நீண்டு செல்லும் கதையின் நிலை வேறு. பல மாதங்கள், சில வேளைகளில் பல ஆண்டுகள், அக்கதை மாந்தரோடு நாம் உறவாடியிருக்கிறோம். அவர்களுக்கு வரும் ஆபத்தை நம் வீட்டிற்கு வந்த ஆபத்தாக எண்ணி உறக்கம் இழந்திருக்கிறோம். அத்தகைய கதையின் கடைசிப் பாகம் ஏமாற்றம் தந்தால், அந்தக் கசப்பு முந்திய பாகங்களிலும் சென்று படிகிறது. "முடிவு சரியில்லை, இதைப் படிக்காமலே இருந்திருக்கலாம்" என்று மாணவர்கள் கூறுவதைக் கேட்கிறோம். அந்தத் தீர்ப்பு நியாயமானதா? கடைசிப் பாகத்தினிடம் எதை எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு? இவ்வினாவைச் சிறிது ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

இக்காலத்து இளைஞர்கள் விரும்பிப் படிக்கும் ஆங்கிலத் தொடர் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்வோம். அமெரிக்க எழுத்தாளர் வெரோனிகா ராத் எழுதிய மூன்று நாவல்கள் 2011, 2012, 2013ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. 'டைவர்ஜென்ட்', 'இன்சர்ஜென்ட்', 'அலீஜியன்ட்' என்பன அவற்றின் பெயர்கள். வருங்காலத்துச் சிகாகோ நகரம் ஒன்றை அவர் கற்பனை செய்கிறார். அந்நகரத்து மக்கள் தன்னலமறுப்பு, வீரம், அறிவு, வாய்மை, நட்பு என்னும் ஐந்து குணங்களின் பெயரால் ஐந்து கூட்டங்களாகப் பிரிந்து வாழ்கின்றனர். பதினாறு வயதானவர் எவரும் தமக்குரிய கூட்டத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். டிரிஸ் என்னும் பெண்ணோ எந்த ஒரு கூட்டத்திலும் அடங்காத இயல்புடையவள். அதனாலேயே ஆள்வோர்க்கு அவள் ஆபத்தானவளாகிறாள். ஒரு மனித உள்ளத்தை ஒரே பெட்டிக்குள் அடைத்துவிட முடியுமா என்பது முதல் நூல் எழுப்பும் வினா.

மூன்றாம் நூலில் டிரிஸ் இறந்துபோகிறாள். அதைப் படித்து வருந்தியவர் பலர், சினந்தவரும் பலர். மற்றொரு செய்தியும் அந்நூலில் உண்டு. ஐந்து கூட்டங்களின் வாழ்வு முழுவதும் நகரத்திற்கு வெளியே இருந்த அரசாங்கத்தார் நடத்திய மரபணுச் சோதனை என்று கடைசி நூல் கூறுகிறது. மேலும், முதலிரண்டு நூல்களையும் டிரிஸ் ஒருத்தியே தன் குரலில் கூறினாள். மூன்றாம் நூலை அவளும் அவளுடைய காதலனும் மாறிமாறிக் கூறுகின்றனர்; இருவர் குரலும் ஒன்றுபோல் ஒலிக்கின்றன. கதாநாயகி இறந்தது ஒரு குறை. கதையின் அடிப்படையையே புதிய விளக்கம் ஒன்றால் மாற்றியது இன்னொரு குறை. இவ்விரண்டும் ஒரே வகையைச் சேர்ந்தவையா? அல்ல என்றே நான் எண்ணுகிறேன். இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காண்பதற்கு நாம் சிகாகோவை விட்டுத் தமிழ்நாட்டிற்கு வருவது நல்லது. இதே முறையீடு நம் மொழியில் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே எழுந்திருக்கிறது.

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி 'பொன்னியின் செல்வன்' என்னும் தொடர்கதையை 1950ஆம் ஆண்டு அக்டோபரில் 'கல்கி' வார இதழில் தொடங்கினார். 1954ஆம் ஆண்டு மே மாதத்தில் முடித்தார். ஏறக்குறைய மூன்றரை ஆண்டுக் காலம் வாரந்தோறும் கதை வந்தது. மணியத்தின் சித்திரங்கள் அதற்கு அழகு செய்தன. இதழ்களிலிருந்து அப்பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, பைண்டு செய்து, பாட்டி முதல் பேத்தி வரையில் கைமாற்றிப் படித்த குடும்பங்கள் மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் மட்டுமல்ல, தமிழ்நாடெங்கும் இருந்தன. தியாகராய நகர் தீனதயாளு தெருவிலுள்ள வானதி பதிப்பகம் போன்ற பதிப்பகங்கள் அதை நூலாகப் பல முறை அச்சிட்டு வந்துள்ளன. இன்றும் ஒரு கல்லூரி மாணவர் முதன்முதலாகப் படிக்கும் பெரிய தமிழ் நாவல் பெரும்பாலும் இதுவாகவே இருக்கிறது.

இத்துணைப் பெருமை வாய்ந்த நாவல் முடிவுற்றபொழுது வாசகர்களிற் பலர் மனநிறைவு அடையவில்லை. கதை திடீரென்று முடிந்துவிட்டது என்று குறைபட்டுக்கொண்டார்கள். அவரவர்க்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்று கேட்டார்கள். கல்கி இந்த முறையீட்டைக் காதில் விழாதது போல் விட்டுவிடவில்லை. நாவலின் இறுதியில் ஒரு முடிவுரை எழுதி அதற்கு விடை கூறினார். முழுவதும் கற்பனையான கதைக்கும் சரித்திரக் கதைக்கும் உள்ள வேறுபாட்டை அதில் எடுத்துக் காட்டினார். கதை மாந்தரின் பிற்கால வாழ்வைப் பற்றிய ஐயங்களையும் சுருக்கமாகத் தீர்த்துவைத்தார். தம் கதையின் முடிவைக் குறித்து வாசகர்களோடு நேரே வழக்காடிய ஆசிரியர் என்ற முறையில் அவருடைய துணிவு பாராட்டத்தக்கது. ஆயினும் வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. கடைசிப் பாகத்தை மூடிவைத்து, "இவ்வளவுதானா?" என்று கேட்கும் இளைஞர் இன்றும் இருக்கிறார்கள்.

முறையீட்டின் முதற்பகுதியை முதலில் பார்ப்போம். கதை உண்மையிலேயே திடீரென்று முடிகிறதா? எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 'புது வெள்ளம்' என்ற முதற்பாகம் 57 அத்தியாயங்கள் உடையது. 'சுழற்காற்று' 53; 'கொலை வாள்' 46; 'மணிமகுடம்' 46. கடைசிப் பாகமாகிய 'தியாகச் சிகர'மோ 91 அத்தியாயங்கள் கொண்டது. அதாவது, ஐந்து பாகங்களில் மிக நீண்டது கடைசிப் பாகமே. முந்திய இரண்டு பாகங்கள் ஒன்றாகச் சேர்ந்தாலும் அதைவிட ஓர் அத்தியாயந்தான் கூடுதலாகும். ஆகவே ஆசிரியர் அவசரப்பட்டார் என்று கூறுவதற்கில்லை. வாசகர் எதிர்பார்த்த இடம் வரையில் கதை செல்லவில்லை என்பதே உண்மையான காரணம்.

வாசகர் எதிர்பார்த்த இடம் எது? நூலின் பெயர் 'பொன்னியின் செல்வன்'. அப்பெயரால் குறிக்கப்படுபவர் அருள்மொழிவர்மர். அவரே பிற்காலத்தில் முதலாம் இராஜராஜன் என்று புகழ்பெற்றுத் தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பினார் என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். ஆகவே அவர் முடிசூடுவதையும், படையெடுத்துச் செல்வதையும், வானளாவும் விமானத்தை எழுப்புவதையும் காண்போம் என்று வாசகர் காத்திருக்கிறார். நாவலோ அவர் முடியைத் துறக்கும் இடத்தில் நின்றுவிடுகிறது. பட்டாபிஷேகத்திற்கென்று கூடிய சபையில், தம் தலைக்கு வரவேண்டிய மகுடத்தை எடுத்து வேறொருவர் தலையில் வைத்துவிடுகிறார். உத்தம சோழர் ஏறக்குறைய 15 ஆண்டுகள் ஆண்ட பின்னர், 985ஆம் ஆண்டில்தான் இராஜராஜன் அரியணை ஏறினார். பெரிய கோயில் 1010ஆம் ஆண்டில் நிறைவுற்றது. இவையெல்லாம் நாவலுக்கு அப்பால் நிற்கின்றன.

இங்கே ஆசிரியர் வாக்குத் தவறினார் என்று சொல்ல முடியுமா? கடைசிப் பாகத்திற்கு அவர் சூட்டிய பெயரே 'தியாகச் சிகரம்'. நாவல் முழுவதும் ஒரே வினாவைச் சுற்றிச் சுழல்கிறது: சுந்தர சோழருக்குப் பின் சோழ நாட்டின் மகுடம் யாருக்கு? அதற்காகச் சிற்றரசர்கள் நள்ளிரவில் கூடிச் சதி செய்கிறார்கள். தந்தை மகனை ஐயுறுகிறார். அண்ணன் தன் உயிரையே இழக்கிறான். எல்லோரும் கைநீட்டிப் பறிக்க முயலும் பொருளை, அதற்கு முழு உரிமையும் மக்கள் அன்பும் படைத்த ஒருவர் தாமாகவே கொடுத்துவிடுகிறார். இதைவிடச் சிறந்த விடை அந்த வினாவிற்கு இருக்க முடியாது. இச்செய்தி வெறுங் கற்பனையும் அன்று. உத்தம சோழன் ஆள விரும்பினான் என்பதையும், அருள்மொழிவர்மர் அதனால் அரசை அவனுக்கு விட்டுக்கொடுத்தார் என்பதையும் இராஜேந்திர சோழர் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. அச்செய்தியைச் சிகரமாகக் கொண்டு ஐந்து பாகங்களையும் கல்கி கட்டியிருக்கிறார். சிகரத்தை அடைந்தபின் மேலே ஏற இடமில்லை, இறங்குவதுதான் உண்டு.

நாவலின் கடைசி அத்தியாயம் 'மலர் உதிர்ந்தது' என்பது. முடிசூட்டு விழாவின் ஆரவாரம் அடங்கிய பின்னர், வந்தியத்தேவன் மீது மாறாத அன்பு வைத்திருந்த மணிமேகலையின் உயிர் பிரிகிறது. திருமணக் கோலத்தில் கதை முடியும் என்று காத்திருந்தவர்களுக்கு இது பெருந் துயரம். ஆயினும் இத்துயரம் நேர்மையானது. மகுடத்தைத் துறந்தவரின் தியாகத்தைக் கண்டு நாடே வியந்து போற்றியது. அன்பைத் துறந்து மறைந்த இந்தப் பெண்ணின் தியாகத்தைப் போற்ற எவரும் இல்லை. பெரிய தியாகத்தை அடுத்துச் சிறிய தியாகத்தை வைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி ஆசிரியர் நம்மை விட்டுச் செல்கிறார். நம் விருப்பம் நிறைவேறவில்லை என்பது உண்மை. கதையின் வாக்கு நிறைவேறியிருக்கிறது என்பதும் உண்மை.

முறையீட்டின் இரண்டாம் பகுதி இவ்வாறு எளிதில் தீர்வதாக இல்லை. ஆதித்த கரிகாலரைக் கொன்றவர் யார்? கடம்பூர் மாளிகையில் இளவரசர் உயிர் நீங்குகிறார். பழி வந்தியத்தேவன் மீது விழுகிறது. நந்தினி அங்கே இருந்தாள். பாண்டிய நாட்டு ஆபத்துதவிகள் இருந்தார்கள். மணிமேகலை தானே கொன்றதாகக் கூறுகிறாள். பெரிய பழுவேட்டரையர் குற்றத்தைத் தம் மீது ஏற்றுக்கொண்டு உயிர் துறக்கிறார். எனினும் ஐயத்திற்கு இடமில்லாத விடையை ஆசிரியர் தரவில்லை. நந்தினியின் பிறப்பைப் பற்றிய மர்மமும் அவ்வாறே முற்றும் தெளிவாகாமல் நிற்கிறது. முதற்பாகத்திலிருந்து நம்மை இழுத்துவந்த இரண்டு கயிறுகள் கடைசிப் பாகத்தில் எதனோடும் கட்டப்படாமல் தொங்குகின்றன.

இதற்குச் சரித்திரத்தைக் காரணமாகக் காட்டுவார் உண்டு. கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயிலில் உள்ள அனந்தீசுவரம் கோயிலில் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. உடையார்குடிக் கல்வெட்டு என்று அதைக் கூறுவர். இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகாலரைக் கொன்ற துரோகிகளின் உறவினரிடமிருந்து நிலங்களைப் பறிமுதல் செய்த செய்தியை அது கூறுகிறது. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்னும் பெயர்கள் அதில் காணப்படுகின்றன. பிரமாதிராஜன் என்ற உயர்ந்த பட்டமும் அவர்களிற் சிலருக்கு உண்டு. பெயர்கள் தெரிகின்றன, காரணம் தெரியவில்லை. ஏவியவர் எவரேனும் உண்டா என்பதும் தெரியவில்லை. மயிலாப்பூரில் வாழ்ந்த வரலாற்றுப் பேரறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி, சோழர் வரலாற்றை எழுதியபொழுது உத்தம சோழர் மீது ஐயம் கொண்டார். சதாசிவப் பண்டாரத்தார் அக்கருத்தை மறுத்தார். வரலாற்று அறிஞர்களுக்கே விளங்காத ஒன்றை நாவலாசிரியர் எவ்வாறு விளக்குவார் என்று கேட்கலாம்.

காட்டுமன்னார்கோயிலை அடுத்துத்தான் வீரநாராயண ஏரி இருக்கிறது. ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரைமீது வந்து நின்று பார்த்த ஏரி அது. நாவல் தொடங்கும் இடம் அது. இன்று வீராணம் என்று வழங்கும் அந்த ஏரியின் நீர், 2004ஆம் ஆண்டு முதல் குழாய் வழியாகச் சென்னைக்கு வந்து நம் வீடுகளில் நம் தாகத்தைத் தணிக்கிறது. கதையின் முதல் வரிகள் பிறந்த இடத்திற்கும், கதை விடை கூறாமல் விட்ட வினாவிற்குரிய கல்லெழுத்து நிற்கும் இடத்திற்கும் இடையே தொலைவு மிகக் குறைவு. ஆசிரியர் அக்கல்வெட்டை அறிந்தே கதை எழுதினார். அதில் உள்ள பெயர்களைத் தம் கதை மாந்தருக்கும் சூட்டினார்.

ஆனால் சரித்திரத்தின் மௌனம் நாவலாசிரியருக்கு விலங்கு ஆகாது. அது அவருக்குக் கிடைத்த விடுதலை. கல்வெட்டு பேசாத இடத்தில் பேசுவதற்குத்தான் கற்பனை இருக்கிறது. நந்தினி என்ற பெண்ணையே தம் கற்பனையால் படைத்து, கொலைக்கு அவளை நடுநாயகமாக அமைத்தவர், கொலையின் விடையை மட்டும் சரித்திரத்தின் பொறுப்பில் விட்டது பொருத்தமாகத் தோன்றவில்லை. நான்கு பாகங்களில் நம் ஆவலைத் தூண்டிய வினாவிற்குக் கடைசிப் பாகம் விடை கூறக் கடமைப்பட்டது. 'உண்மை எவருக்கும் தெரியாது' என்பதே ஆசிரியர் கருத்தாயின், அதையும் ஒரு விடையாக அழுத்தமாகக் கூறியிருக்கலாம். இங்கே வாசகரின் மனக்குறை வெறும் விருப்பத்தால் எழுந்ததன்று. அதில் நியாயம் இருக்கிறது.

மூன்றாவது குறை ஒன்றும் உண்டு. நாவலின் பெரும்பகுதியில் நாம் காணும் மதுராந்தகன் ஆசை மிகுந்தவன், அச்சம் மிகுந்தவன், பிறர் கையில் பொம்மையாக ஆடுபவன். சரித்திரத்து உத்தம சோழரோ பல ஆண்டுகள் அமைதியாக ஆண்ட அரசர். இவ்விருவரையும் ஒருவராக்குவது எப்படி? கடைசிப் பாகத்தில் ஆசிரியர் ஒரு வழி காண்கிறார். குழந்தைப் பருவத்தில் பிள்ளைகள் மாறிப்போயினர் என்றும், திருக்கோயிலுக்குப் பூமாலை தொடுத்துக் கொடுத்து வந்த சேந்தன் அமுதனே செம்பியன் மாதேவியின் உண்மை மகன் என்றும் கூறுகிறார். முடி அவனுக்குச் சூட்டப்படுகிறது. பழைய மதுராந்தகன் பாண்டிய குலத்தைச் சேர்ந்தவனாகி மறைந்துவிடுகிறான். சேந்தன் அமுதன் நம் அன்புக்குரியவன். ஓடக்காரி பூங்குழலி அரசியாவதும் இனிமையானதே. ஆயினும் ஒரு மனிதன் தன் குணத்தில் மாறவேண்டிய இடத்தில், மனிதனையே மாற்றிவிடுவது எளிய வழி. மணிரத்னம் 2022, 2023ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக எடுத்த திரைப்படத்தில் இந்த மாற்றத்தை நீக்கி, மதுராந்தகனுக்கே முடி சூட்டியது கவனிக்கத்தக்கது. திரைப்படத்தின் மற்ற மாறுதல்களை நாம் ஏற்கலாம், ஏற்காமல் விடலாம். கடைசிப் பாகத்தின் நலிந்த மூட்டு எது என்பதை அது சரியாகவே கண்டுகொண்டது.

இதே ஆசிரியரின் 'சிவகாமியின் சபதம்' இப்பொழுது நம் நினைவுக்கு வருகிறது. அதன் முடிவு இதைவிடத் துயரமானது. மாமல்லர் வாதாபியை வென்று சிவகாமியை மீட்டுவருகிறார். அவள் காஞ்சிக்குத் திரும்பி வந்து, தன் உள்ளத்தில் குடிகொண்டவர் வேறொருத்தியின் கணவராகிவிட்டதைக் காண்கிறாள். தன் வாழ்வை ஏகாம்பரநாதருக்கே உரிமையாக்கிவிடுகிறாள். அந்தக் கதையின் முடிவு குறைபட்டது என்று வாதிடுவோர் மிகச் சிலரே. ஏன்? நூலின் பெயரே ஒரு சபதம். வாதாபி எரிந்தது, சபதம் நிறைவேறியது. சபதத்திற்குக் கொடுத்த விலை என்ன என்பதையும் கதை மறைக்காமல் காட்டியது. வாசகர் கண்ணீர் வடிக்கிறார்; ஏமாற்றம் அடைவதில்லை. கண்ணீரும் ஏமாற்றமும் வேறு வேறு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

கதையை எங்கே நிறுத்துவது என்னும் சிக்கல் நம் பழம்பெரும் புலவர்களுக்கும் இருந்தது. கம்பர் இராமனுடைய திருமுடி சூட்டு விழாவோடு தம் காப்பியத்தை நிறைவு செய்தார். சீதை மீண்டும் காட்டிற்குச் செல்லும் உத்தர காண்டத்தை அவர் பாடவில்லை. தமிழில் வழங்கும் உத்தர காண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடியதாகக் கூறுவது மரபு. வில்லிபுத்தூராரின் பாரதமும் போர் முடிந்த அளவில் நின்றுவிடுகிறது. பாண்டவரின் இறுதிப் பயணம் வரையில் செல்வதில்லை. சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்த பின்னரும் வஞ்சிக் காண்டம் தொடர்கிறது. கதையின் வேகம் மதுரையோடு முடிந்துவிட்டது என்று கருதுவோரும், கண்ணகி தெய்வமாவதே காப்பியத்தின் பயன் என்று கருதுவோரும் அறிஞர்களிடையே உளர். ஆகவே முடிவைப் பற்றிய வழக்காடல் இளைஞர்களின் பொறுமையின்மையால் பிறந்ததன்று. இலக்கியத்தைப் போலவே அதுவும் பழமையானது.

இப்பொழுது மீண்டும் சிகாகோவிற்குச் செல்லலாம். டிரிஸ் இறந்ததற்காக வருந்தும் வாசகரின் துயரம், மணிமேகலைக்காக வருந்துபவரின் துயரத்தைப் போன்றது. தன்னலமறுப்புக் கூட்டத்தில் பிறந்து, அதை விட்டு விலகிய பெண், கடைசியில் தன் தமையனுக்குப் பதிலாகத் தானே ஆபத்தை ஏற்று மடிகிறாள். இது முதல் நூலிலிருந்தே வேர்விட்ட முடிவு. ஆனால் ஐந்து கூட்டங்களின் பொருளை மரபணு விளக்கத்தால் மாற்றியது வேறு. மனித உள்ளத்தைப் பெட்டிக்குள் அடைக்க முடியுமா என்ற அருமையான வினா கைவிடப்படுகிறது. அதன் இடத்தில் ஒரு சோதனைச்சாலையின் கதை வந்து அமர்கிறது. சேந்தன் அமுதனின் பிறப்பு மாற்றத்தைப் போல இதுவும் முடிச்சை அவிழ்க்காமல் கயிற்றையே மாற்றும் வழியாகும். அக்கடைசி நூலை இரண்டு திரைப்படங்களாக எடுக்கத் திட்டமிட்டார்கள். முதற்படம் 2016இல் வெளிவந்து போதிய வரவேற்பைப் பெறாமையால் இரண்டாம் படம் எடுக்கப்படவே இல்லை. முடிவுக்கே முடிவு இல்லாமற் போயிற்று.

கொடுங்கோன்மையைக் கற்பனை செய்யும் கதைகளுக்கு இத்தகைய தளர்ச்சி அடிக்கடி நேர்வதற்குத் தனிக் காரணம் ஒன்று இருக்கிறது. நம் மொழியிலேயே உதாரணம் உண்டு. சுஜாதா 1980களில் 'ஆனந்த விகட'னில் எழுதிய 'என் இனிய இயந்திரா' வருங்கால இந்தியாவைக் காட்டுகிறது. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆணைக்கு நாடு முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. நிலா என்ற பெண்ணும், சிந்திக்கவும் நூல்களைப் படிக்கவும் வல்ல ஜீனோ என்ற இயந்திர நாயும் அந்த ஆட்சியின் மர்மத்தை நெருங்குகின்றனர். இறுதியில் ஜீவா என்று ஒரு மனிதனே இல்லை, வெறும் ஒளியுருவந்தான் என்று வெளிப்படுகிறது. இதைவிட வியப்பான திரைவிலக்கல் அரிது. ஆனால் அதன் தொடர்ச்சியாகிய 'மீண்டும் ஜீனோ'வுக்கு எஞ்சிய வேலை என்ன? திரை முன்பே விலகிவிட்டது. நிலா பெயருக்கு ஆள்பவளாகிறாள். திரைக்குப் பின்னே வேறு கைகள் கயிற்றை இழுக்கின்றன. ஜீனோவின் குறும்பும் அறிவும் அந்நூலையும் இனிமையாக்குகின்றன. எனினும் முதல் நூலின் அதிர்ச்சியை அது தரமுடியவில்லை.

கொடுங்கோலனை வரைவது எளிது. அவன் போன பிறகு நல்லாட்சி எப்படி இருக்கும் என்று வரைவது மிகக் கடினம். முதல் நூல் தீமையைக் காட்டினால் போதும். கடைசி நூல் நன்மையைக் காட்டவேண்டும். சுசான் காலின்ஸின் 'மாக்கிங்ஜே' என்ற நாவல் 2010ஆம் ஆண்டில் வெளிவந்தது. கொடுங்கோலனை வீழ்த்தவந்த தலைவியும் அதே வழியில் செல்லத் தொடங்குவதைக் கதாநாயகி கண்டு, அம்பைத் தலைவி மீது எய்துவிடுகிறாள். அந்நூலின் சோர்வைக் குறை கூறியவர் பலர். ஆயினும் இந்தக் கடினத்தைத் தட்டிக் கழிக்காமல் அது நேருக்கு நேர் சந்தித்தது என்பதை மறுக்க முடியாது. ஓர் ஆட்சியை வீழ்த்துவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை என்பதை நாடுகளின் வரலாறும் கூறுகிறது. அதை ஒரு நாவல் கூறும்பொழுது மட்டும் நாம் ஏன் சலித்துக்கொள்ள வேண்டும்?

மற்றொன்றையும் நாம் மறத்தலாகாது. தொடர்கதை நீளும் காலத்தில் வாசகரும் வளர்கிறார். 1950ஆம் ஆண்டில் 12 வயதில் வந்தியத்தேவனோடு குதிரையேறிய ஒரு சிறுமி, 1954இல் அவனை விட்டுப் பிரியும்பொழுது 16 வயதை நெருங்கியிருப்பாள். இடையில் அவள் உலகம் மாறியிருக்கும். அவள் கேட்கும் கேள்விகளும் மாறியிருக்கும். முதற்பாகத்தைப் படித்தவளும் கடைசிப் பாகத்தைப் படித்தவளும் ஒருத்தி அல்லள். முதல் நூலில் கண்ட வியப்பு கடைசி நூலில் இல்லை என்று நாம் கூறும்பொழுது, நாம் தேடுவது சில வேளைகளில் நம் கடந்துபோன வயதையேதான். கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்திற்கோ, லஸ் பகுதியில் உள்ள பழைய புத்தகக் கடைக்கோ சென்று, முன்பு வெறுத்த ஒரு கடைசிப் பாகத்தைச் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் எடுத்துப் பாருங்கள். சில குறைகள் மறைந்திருக்கும். சில குறைகள் அப்படியே நிற்கும். நிற்பவையே நூலின் குறைகள்.

ஆகவே ஒரு கடைசிப் பாகத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறுமுன் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்வது நலம். முதற்பாகம் எழுப்பிய பெரிய வினா எது? கடைசிப் பாகம் அவ்வினாவிற்கு விடை தந்ததா? அந்த விடை கதைக்குள்ளிருந்தே முளைத்ததா, வெளியிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டதா? இம்மூன்றையும் கேட்டபின், 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்வதற்கும், 'இது பொருந்தவில்லை' என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடு தானே விளங்கும். முதலாவது நம்மைப் பற்றிய செய்தி. இரண்டாவது நூலைப் பற்றிய செய்தி. இரண்டையும் கூற நமக்கு உரிமை உண்டு. ஒன்றை மற்றொன்றாக எண்ணி மயங்குதல் கூடாது. பிற்காலத்தில் நாட்டின் பெரிய காரியங்களிலும் நீங்கள் தீர்ப்புக் கூறவேண்டியவர்கள். அவ்வேறுபாட்டை நாவல்களிடமே கற்றுக்கொள்வது எளிதும் இனிதும் ஆகும்.

நியாயமான மனக்குறை வீணாவதில்லை என்பதையும் கூறவேண்டும். பொன்னியின் செல்வனை முடித்த ஏழு மாதங்களுக்குள், 1954ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், கல்கி காலமானார். தம் முடிவை மீண்டும் எண்ணிப் பார்க்கவோ, தொடர்ந்து எழுதவோ அவருக்குக் காலம் கிட்டவில்லை. அவர் நிறுத்திய இடத்திலிருந்து மற்றவர்கள் தொடங்கினார்கள். விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யை எழுதினார். மயிலாப்பூரில் வாழ்ந்த பாலகுமாரன், இராஜராஜன் பெரிய கோயிலை எழுப்பிய வரலாற்றை 'உடையார்' என்ற பெயரில் பல பாகங்களாக எழுதினார். வாசகர் காண விரும்பிக் காணாமற்போன காட்சிகள் இவ்வாறு வேறு நூல்களில் உயிர் பெற்றன. "பின்னர் என்ன நடந்தது?" என்று ஏங்கிய வாசகர் சிலர் பேனாவைக் கையில் எடுத்ததனால் தமிழ் நாவல் வளர்ந்தது.

உங்களுக்கும் ஒரு நூலின் கடைசிப் பாகம் மனநிறைவு தரவில்லையா? அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எந்த இடத்தில் கதை தன் வாக்கைத் தவறவிட்டது என்று தேடிக் கண்டுபிடியுங்கள். அந்த இடத்திலிருந்து ஓர் அத்தியாயம் நீங்களே எழுதிப் பாருங்கள். எழுதி முடித்தபின் அந்த ஆசிரியர் மீது உங்களுக்கு இருந்த சினம் சற்றுக் குறைந்திருக்கும். அவர் கலை மீது மதிப்பு மிகுந்திருக்கும்.